அட்டைக்கு அந்தப் பக்கம்

ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில் தொண்டை போகும், கண் போகும், பொறுமை போகும் என்று எல்லாரும் எச்சரித்தார்கள்; குண்டூசி குத்தியே விரல் நுனி போகும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

என் விரல் போனதற்குக் காரணம் ஒரு செயலமர்வு. பதுளையில் எங்களைக் கூட்டிவைத்து, அறிவித்தல் பலகை என்பது பார்த்துவிட்டுப் போகிற சாமான் இல்லை, பிள்ளைகள் தொட்டு, கழற்றி, மாட்டி, விளையாடிப் படிக்க வேண்டிய சாமான் என்று ஒரு நாள் முழுக்கச் சொன்னார்கள். படம் காட்டினார்கள். வழிகாட்டிக் கையேடு ஒன்றும் தந்தார்கள். இந்த மாதிரிச் செயலமர்வுக்குப் போய், ரோல்ஸ் சாப்பிட்டு, தேநீர் குடித்து, கையேட்டை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். புத்திசாலிகள். எனக்கோ எதையாவது கேள்விப்பட்டால் செய்து பார்க்காமல் இருப்புக்கொள்ளாது. அந்தக் குணத்தால் நான் கண்டதையும் பட்டதையும் இங்கே சொல்கிறேன். ஆசிரியர்களாக இருந்தால் சிரிப்பீர்கள், பெற்றோராக இருந்தால் உங்கள் பிள்ளையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பீர்கள்.

பிரிஜ் பெட்டி

ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே மூச்சு வாங்க ஏறினால் எங்கள் பாடசாலை வரும். முதல் இரண்டு வகுப்புகளுக்குச் சின்னதாக ஒரு கட்டடம். மூன்று, நான்கு, ஐந்துக்கு நீளமாக ஒரே மண்டபம். மண்டபத்தின் கிழக்குக் கோடியில் என் மூன்றாம் வகுப்பு. எனக்கு அடுத்த நான்கையும் அதற்கடுத்த ஐந்தையும் மனோகரன் சேர் ஒருவரே பார்க்கிறார். வகுப்புகளுக்கு நடுவில் சுவர் கிடையாது. மரச்சட்டத்தில் பழைய உரப்பையைத் தைத்து மறைப்பாக நிறுத்தியிருந்தோம். நான் மூன்றாம் வாய்ப்பாடு கேட்டால் நாலாம் வகுப்பிலிருந்து பதில் வரும். இப்படி மண்டபத்தில் பாடம் நடத்தியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

காற்றுக் காலத்தில் அந்த உரப்பை கிழிந்தது. செயலமர்வில் சொன்ன பலகையை மாட்டுவதற்குச் சுவர் இல்லையே என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, பலகையே சுவராக இருந்தால் என்ன என்று தோன்றியது. பதுளை பஜாரில் நானா என்று எல்லாரும் கூப்பிடும் முஸ்லிம் வியாபாரியின் மின்சாதனக் கடைக்குப் போய், பிரிஜ் வரும் பெரிய அட்டைப் பெட்டி ஒன்று கேட்டேன். ஒரு பெட்டி கொடுத்தார். அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, தடிப்புப் போதாது என்று வேறொன்று கேட்டேன். அதில் எழுத்து அச்சாகியிருக்கிறது என்று இன்னொன்று கேட்டேன். நானா கல்லாவை விட்டு எழும்பி வந்தார்.

"டீச்சர், பிரிஜ் வாங்க வந்தவங்ககூட என்ட கடையில இவ்வளவு தட்டிப் பாத்ததில்ல!"

புதுப் பிள்ளை

இரண்டாம் தவணை தொடங்கியபோது நாலாம் வகுப்புக்கு ஜெசிந்தா என்று ஒரு பிள்ளை வந்தாள். அப்பாவுக்கு முன்பு பண்டாரவளையில் வேலை. வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சிங்களப் பாடசாலை என்பதால் அங்கேயே சேர்த்துவிட்டார்கள். இப்போது அவர் எல்ல என்ற ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையலுக்குப் போக, அம்மா பிள்ளைகளோடு தோட்டத்து லய வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். ஜெசிந்தா தமிழில் வாய் ஓயாமல் பேசுவாள். சிங்களம் கடகடவென்று வாசிப்பாள். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. கரும்பலகையில் இருப்பதைப் படம் வரைகிற மாதிரி அப்படியே வரைந்துவிடுவாள், அதனால் மனோகரன் சேருக்கே கொஞ்ச நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது.

அதிபர் கெட்டவர் இல்லை. ஆனால் அடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் பரீட்சை என்று அவருக்கு அவருடைய கவலை. தவணை முடிவதற்குள் தமிழ் வாசிக்காவிட்டால் இரண்டாம் வகுப்பில் இறக்கி உட்கார வைப்பேன் என்று சொல்லிவிட்டார். இரண்டாம் வகுப்பில் அவளுடைய சொந்தத் தம்பி இருக்கிறான். நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று முன்வந்தேன். பாடசாலை விட்டதும் அவள் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவுக்கு ஓடிப் போய்க் கைக்குழந்தைத் தங்கச்சியைத் தூக்க வேண்டும், நான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இடைவேளையில் வா என்றால், சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று என் வகுப்புப் பக்கம் காலே வைக்க மாட்டாள். அம்மா கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து நேரே இறங்கி வந்து என்னிடம் சொன்னார்:

"தம்பிகூட ஒரே பெஞ்சுல ஒக்கார வச்சா இனிமே ஸ்கூலுக்கே போ மாட்டேங்கிறா டீச்சர். நான் மலைக்குப் போயிட்டா இவள யாரு இழுத்துக்கிட்டு வந்து விடுறது?"

தண்ணிக் கழிவு

பெட்டியை விரித்து, உரப்பை இருந்த சட்டத்தில் அறைந்து, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நிறுத்திவிட்டேன். என் பலகையின் முதல் விளையாட்டு கொழுந்துக் கூடை. அட்டையில் நிஜமான சின்னக் கூடைகளைக் கட்டித் தொங்கவிட்டேன். பச்சைத் தாளில் இலை வெட்டி, ஒவ்வோர் இலையிலும் ஓர் எண் எழுதினேன். இரண்டு பிள்ளைகள் இரண்டு இலை பறித்துக் கூடையில் போட வேண்டும். மூன்றாவது பிள்ளை இரண்டையும் கூட்டிச் சொல்ல வேண்டும். கையேட்டில் ஆப்பிள் மரம் போட்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஆப்பிளைவிடக் கொழுந்து நெருக்கம் என்று நான் மாற்றியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பிரதீப் என்று ஒரு பையன், கணக்கில் புலி. அவன் கூட்ட வந்தால் மட்டும் எட்டும் ஏழும் பதினான்கு ஆனது. ஒன்பதும் ஐந்தும் பதின்மூன்று ஆனது. சரி, அவசரப்படுகிறான் என்று நினைத்தேன். அடுத்த நாள் எட்டும் ஏழும் பதின்மூன்றுக்கு இறங்கியது. கொப்பியில் எழுதச் சொன்னால் பதினைந்து என்று சரியாக எழுதுகிறான். பலகைக்கு முன்னால் நின்றால் குறைக்கிறான். சில நாள் ஒன்று குறையும், சில நாள் இரண்டு குறையும். உங்களுக்கும் இப்படி ஒரு பிள்ளை வாய்த்திருக்கும், தவறு விடுவான், ஆனால் விடுகிற தவறில் ஓர் ஒழுங்கு இருக்கும். அப்படிப்பட்ட தவறைக் கண்டால் எனக்குச் சிவப்புப் பேனா எடுக்க மனம் வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் குறைத்தாய் என்று கேட்டேன். அவன் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான். தூறிக்கொண்டிருந்தது. அவன் அம்மாவின் கொழுந்தைத் தோட்டத்தில் நிறுக்கும்போது அப்படித்தான் நடக்கிறதாம், வெயில் நாளில் பையின் பாரத்துக்கு ஒரு கிலோ, மழை நாளில் தண்ணீருக்கும் சேர்த்து இரண்டு கிலோ கழிப்பார்களாம்.

"கொப்பியில இருக்கிறது வெறும் கணக்கு டீச்சர். இது கொழுந்துல்ல! கழிவு போடாம எப்புடி நிறுக்கிறது?"

அரைப்பேர்

அடுத்தது வரவுப் பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஓர் அட்டை. காலையில் வந்ததும் தன் பெயரைத் தேடி எடுத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். பெயரை அடையாளம் காண்பதற்கான விளையாட்டு இது, செயலமர்வில் சொன்னது. ஒரு வாரத்துக்குள் பிள்ளைகள் அதைப் பெரட்டுக் களமாக மாற்றிவிட்டார்கள். தோட்டத்தில் விடியற்காலை ஆட்களைக் கூட்டிப் பெயர் எடுத்து, யார் எந்த மலைக்கு என்று அனுப்புவது பெரட்டு. அதை அவர்கள் வீட்டில் தினமும் கேட்கிறார்கள். ரோஷினி என்ற பெண் கங்காணியானாள். நேரத்துக்கு வந்தவருக்கு முழு நாள் கூலிக்கான முழுப்பேர், தாமதித்தால் பாதிக் கூலிக்கான அரைப்பேர். அரைப்பேர்க்காரரின் அட்டையைப் பாதியாக மடித்து மாட்டினார்கள். யாரைக் கேட்டு இதெல்லாம் நடக்கிறது என்று அதட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் பெயர்களைத் தேடுகிற வேகத்தைப் பார்த்தேன், மற்றவர் பெயரையும் மூச்சுவிடாமல் வாசிக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு நாள் பாதையில் மண் சரிந்து, பஸ் நின்று, நான் நடந்தே வந்து சேரும்போது முதல் பாடம் முடிந்திருந்தது. அட்டைக்கு அப்பாலிருந்து மனோகரன் சேர் மூன்று வகுப்பையும் சேர்த்து அதட்டிக்கொண்டிருந்தார். நான் நனைந்த குடையைக் கதவில் சாய்த்துவிட்டுத் திரும்பினால் பலகையில் புதிதாக ஓர் அட்டை தொங்குகிறது. என் பெயர். எழுத்தில் ஒரு பிழைகூட இல்லை. அழகாகப் பாதியாக மடித்திருந்தது. ரோஷினி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மண்ணு சரிஞ்சது தெரியும் டீச்சர். அதனாலதான் வெரட்டாம அரைப்பேராவது போட்டுருக்கேன்."

ஆணி எழுத்து

எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு இதுதான். கையேட்டில் இல்லாதது, நானே யோசித்தது. அட்டையில் பென்சிலால் பெரிதாக ஒரு சொல் எழுதிவிடுவேன். கூடை, மலை, பாதை இப்படி. ஒரு பிள்ளை அந்தக் கோட்டின் மேலேயே ஆணியால் நெருக்க நெருக்கக் குத்திக்கொண்டு போகும். இன்னொரு பிள்ளை கண்ணை மூடி, விரலால் ஓட்டைகளைத் தடவி, என்ன எழுத்து என்று உரக்கச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் வகுப்பு முழுவதும் அந்தச் சொல்லை மூன்று தரம் கத்தும். கத்துவது என் விதி இல்லை, அது தானாக வந்து சேர்ந்தது. எழுதவே பயப்படும் கைகள் ஆணி கிடைத்ததும் துள்ளின. அட்டை நிறைந்ததும் பதுளைக்குப் போய் நானாவிடம் அடுத்த பெட்டி வாங்கி வருவேன். அவர் என்னைக் கண்டதுமே தட்டிப் பார்க்கத் தோதாகப் பெட்டிகளை வெளியே அடுக்கத் தொடங்கியிருந்தார்.

இதற்கிடையில் ஜெசிந்தாவைப் பற்றி மனோகரன் சேரிடம் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். அவரும் பாவம், ஐந்தாம் வகுப்பை விட்டு நகர முடியாது. நான்குக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு அங்கே போய்விடுவார். தவணை பாதி கடந்துவிட்டது, பிள்ளை இன்னும் கரும்பலகையைப் படமாகத்தான் வரைகிறாள் என்றார். கடைசி வரிசையில், எங்கள் அட்டைக்கு முதுகு கொடுத்த மாதிரி இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, எந்நேரமும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், கவனமே இல்லை என்றும் சொன்னார். அந்தச் சின்னவள் தம்பியின் பெஞ்சில் தலை குனிந்து உட்காரப் போகும் காட்சி கண்ணுக்குள் வந்து நின்றது. சேருக்கோ அதைவிட என் விளையாட்டின் மேல்தான் கோபம்.

"டீச்சர், ஒங்க பிள்ளைங்க கத்துறதையாவது பொறுத்துக்கலாம். ஒங்க பக்கத்து வெயிலும் ஓட்டை வழியா என் வகுப்புக்குள்ள வந்து கொட்டுதே, அதுக்கு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

வலப் பக்கத்திலிருந்து

தவணைப் பரீட்சைக்குச் சில நாட்களே இருந்தபோது அதிபர் ஜெசிந்தாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தெரிந்த ஏதாவது தமிழ்ச் சொல்லை எழுது என்று ஒரு தாளைக் கொடுத்தார். நானும் அங்கே இருந்தேன். அவள் தயங்கவே இல்லை. பென்சிலைத் தாளின் வலது ஓரத்தில் ஊன்றி இடது பக்கமாக எழுதிக்கொண்டு போனாள். வேகமாக, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு. எழுதி முடித்து நிமிர்ந்தபோது முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

தாளைப் பார்த்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுத்து மாதிரியும் இருந்தது, எழுத்து இல்லாத மாதிரியும் இருந்தது. வளைய வேண்டிய இடத்தில் வளைவு இருந்தது, ஆனால் எதிர்ப் பக்கம் பார்த்து வளைந்திருந்தது. ப மட்டும் ப-வாகவே இருந்தது. என்ன எழுதினாய் என்று கேட்டால், பாதை என்று அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள். அதிபர் தாளைப் பக்கவாட்டில் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு அவளை வெளியே போகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், இந்தப் புள்ள நம்மள வச்சு வெளையாடுதா, இல்ல இதுக்கு ஏதாவது மருந்து எடுக்கணுமா?"

அவள் பெஞ்சு

அந்தத் தாள் என்னை விடவில்லை. கேலி செய்கிற பிள்ளை அவ்வளவு சிரத்தையாக எழுதாது. வியாதி என்றால் சிங்களமும் அப்படித்தானே வர வேண்டும்? அதை ஒழுங்காக எழுதுகிறாளே. இவள் தமிழை எங்கே பார்த்தாள், யாரிடம் படித்தாள் என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது. மறுநாள் என் வகுப்பை ரோஷினியின் பொறுப்பில் விட்டுவிட்டு, மனோகரன் சேரின் அனுமதியோடு அட்டையைச் சுற்றிக்கொண்டு நாலாம் வகுப்புக்குப் போனேன். இத்தனை மாதமும் அந்த அட்டையின் முன்பக்கத்தை மட்டுமே பார்த்தவள் நான். ஜெசிந்தாவைக் கொஞ்சம் நகரச் சொல்லி, அவள் பெஞ்சில் உட்கார்ந்து, அவள் திரும்புகிற மாதிரியே பின்னால் திரும்பினேன்.

என் ஜன்னல் வழியாக வந்த காலை வெயில் முழுவதும் அந்த அட்டையின் ஓட்டைகளில் நின்றது. மங்கலான அட்டையில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். அத்தனையும் எழுத்து. என் பிள்ளைகள் ஆணியால் குத்திய கூடை, மலை, பாதை எல்லாம், பின்பக்கத்திலிருந்து பார்ப்பதால் இடம் வலம் மாறி, வலப் பக்கத்திலிருந்து தொடங்கி ஒளிர்ந்துகொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்தில் யாரோ ஆணியால் குத்த, புதிதாக ஒரு பொட்டு முளைத்தது, பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் "மழை! மழை! மழை!" என்று என் வகுப்பு கத்தியது. ஜெசிந்தா எனக்காக அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டிக் காட்டினாள். ஆணி குத்திய இடத்தில் அட்டை இந்தப் பக்கம் புடைத்திருந்தது. கண்ணால் பார்க்க வெளிச்சம், விரலால் தடவப் புடைப்பு, காதுக்குச் சத்தம். அவள் யாரும் சொல்லிக்கொடுக்காமல், யார் முன்னாலும் வெட்கப்படாமல், ஒரு தவணையாகப் படித்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமாளித்தேன்.

தமிழை ஏன் வலப் பக்கமிருந்து எழுதினாய் என்று கேட்டேன். சிங்களம் இந்தப் பக்கமிருந்து வரும், பண்டாரவளையில் கூடப் படித்த நஸ்ரின் ஓதுகிற அரபுப் புத்தகம் அந்தப் பக்கமிருந்து வரும், தமிழும் நஸ்ரினுடையது மாதிரி என்று நினைத்தேன் என்றாள். அப்படியானால் மனோகரன் சேர் கரும்பலகையில் எழுதுவது என்ன என்றேன். அதற்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது.

"அது பெரிய எழுத்துதானே டீச்சர்? இங்கிலீஷ்லயும் பெருசு, சிறுசுன்னு ரெண்டு இருக்கே. மொதல்ல சிறுசு முடியட்டும், அப்புறம் பெருசு படிக்கலாம்னு இருந்தேன்."

ஜன்னல் கண்ணாடி

இரண்டும் ஒரே எழுத்துத்தான் என்று ஒரு தாளைத் திருப்பிக் காட்டி அவளுக்கு விளக்கினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் சிரித்துவிட்டால் கண் உடனே பழகிவிடுமா? நேராக எழுதிய சொல்லை எழுத்தெழுத்தாகத் தட்டுத் தடுமாறித்தான் வாசித்தாள். அதிபரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கதை நன்றாக இருக்கிறது, ஆனால் நாளைக்கு ஐந்தாம் வகுப்பில் வினாத்தாளைத் திருப்பிப் போட்டா கொடுப்பார்கள் என்று கேட்டார். அவளை வாசிக்க வைத்துப் பார்க்க அவர் குறித்த நாளில் அவளுடைய அம்மாவும் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, அதிபர் அறைக் கதவருகே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். உள்ளே வாங்க என்றாலும் வரவில்லை.

அதிபர் ஒரு தாளில் தன் கையாலேயே இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். ஜெசிந்தா பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முதல் எழுத்தைச் சொன்னாள், இரண்டாவதில் நின்றாள், மறுபடி முதலுக்கே போனாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த அறையில் நிற்கவே முடியவில்லை, வாயைத் திறந்து உதவவும் முடியவில்லை. திடீரென்று அவள் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். எழுதிய பக்கம் வெளியே பார்க்கும்படி கண்ணாடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். வெளியே மழைக் காலத்து வெளிச்சம் கொஞ்சம்தான் இருந்தது, அது போதுமாக இருந்தது. "நாளை மழை வரும்," என்றாள், தடங்கலே இல்லாமல். "மாமா வெலிமடைச் சந்தையில்..."

அதிபர் எழும்பினார். மனப்பாடமாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம், அப்போதுதான் தன் கையால் எழுதியது என்பதும் மறந்துவிட்டது. ஒரு கோப்பைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு தூறலில் வெளியே போய், ஜன்னலின் அந்தப் பக்கத்தில், தேயிலைச் செடிகளை ஒட்டி நின்றார். கண்ணாடிக்கு வெளியே அவர் நேராகப் பார்க்க, உள்ளே அவள் பின்பக்கமாகப் பார்க்க, நடுவில் ஒரே தாள். அவள் வாசிக்க வாசிக்க அவர் வெளியிலிருந்து விரலை வைத்துக்கொண்டே வந்தார். "கிழங்கும் கரட்டும்" வரை இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். அதற்கடுத்த "இஞ்சியும்" என்ற சொல்லில் அவள் நின்றுவிட்டாள். என் பக்கம் திரும்பி, "டீச்சர், இ-க்கு அடுத்த எழுத்து எங்க பக்கம் இன்னும் வரல்ல," என்றாள். உண்மைதான். ஞ குத்தினால் அத்தனை சுழிக்கும் அட்டை கிழிந்துவிடும் என்று நான் அதை மட்டும் விட்டிருந்தேன். எழுத்தைச் சொன்னேன். அவள் அந்தச் சொல்லை முடித்து, வரியையும் முடித்தாள்.

அம்மா கதவருகே நின்றபடியே சிலுவை போட்டுக்கொண்டார். அதிபர் நனைந்த சட்டையோடு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஜெசிந்தாவை அருகில் அழைத்து, ஈரமாகியிருந்த அவள் உள்ளங்கைகளைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அம்மாவுக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னார்:

"நாலாம் வகுப்புலயே இருக்கட்டும் டீச்சர். பின்னால இருந்தே இவ்வளவு தூரம் வந்தவளுக்கு முன்னால வர்றதுக்கு ஒரு லீவு போதும். நீங்க நாளைக்கே அந்த ஞ-வையும் குத்திப் போடுங்க, அட்டை கிழிஞ்சா கிழியட்டும்."

பலகை விளையாட்டுக்கு எத்தனை நிறத் தாள் வேண்டும், எந்த உயரத்தில் மாட்ட வேண்டும், எத்தனை நாளுக்கொரு தடவை மாற்ற வேண்டும் என்றெல்லாம் அந்தக் கையேட்டில் போட்டிருக்கிறது, அதற்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தரம் எட்டிப் பாருங்கள் என்று மட்டும் எந்தப் பக்கத்திலும் காணோம்.